வழங்கியின் திறவுகோல் யார் கையில்?

ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடந்த தீவுகளுக்குத் தங்கள் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், நெடுந்தீவு டெல்ஃப்ற் எனவும் வரைபடங்களில் ஏறின. அனலைதீவுக்குக் கிடைத்த பெயர் றொட்டர்டாம்.

இவற்றுள் டெல்ஃப்ற் மாத்திரம் ஆங்கில ஆவணங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. றொட்டர்டாம் வரைபடத்தோடு நின்றுவிட்டது. வரைபடத்தையும் பதிவேட்டையும் வைத்திருந்தவர்கள் வேறு, ஊரை வைத்திருந்தவர்கள் வேறு. ஊரார் தங்கள் ஊரை அனலை என்றே சொல்லி வந்தார்கள். அந்தப் பெயரே எஞ்சியது.

ஊரின் பெயரும் ஊரின் நினைவும் இன்று இன்னொரு பதிவேட்டிலும் இருக்கின்றன என்பதால்தான் இந்தப் பழைய கதையை இங்கே நினைவூட்டுகிறேன். அந்தப் பதிவேடு இணையம். அது இருக்கும் இடம், எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. அதனை வழங்கி என்கிறோம். அந்த வழங்கியை ஆள்வதற்கான திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி, தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு மாத்திரம் உரிய கேள்வி அல்ல. ஊர்ச் சங்கங்களும் கோயில் பரிபாலன சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் சிறு பத்திரிகைகளும் கேட்க வேண்டிய கேள்வி அது.

கடல் கடந்த ஊர்

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறிச் செல்ல வேண்டிய சிறு தீவு அனலைதீவு. நெல்லும் புகையிலையும் பனையும் கடலும் தந்த வாழ்க்கை அதனுடையது. 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களுக்குப் பின்னரும், 1990 களின் தொடக்கத்தில் தீவகம் முழுவதும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளுக்குப் பின்னரும், தீவக ஊர்கள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தன. ஒன்று கடல் சூழ்ந்த ஊர். மற்றொன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் பரந்த ஊர். இரண்டாவது ஊருக்கு நிலம் கிடையாது. சந்தியும் கோயில் வீதியும் கிடையாது. அதற்குச் சந்தியாகவும் வீதியாகவும் வாய்த்தது இணையத்தளம்தான்.

2000 ஆம் ஆண்டுகளில் தீவக ஊர்களின் பெயரில் எழுந்த இணையத்தளங்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் முகம் மறந்திருக்காது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். முகப்பில் ஊர்க் கோயிலின் கோபுரம் இருக்கும். உள்ளே மரண அறிவித்தல்கள், திருவிழாப் படங்கள், பாடசாலைக் கட்டட நிதிக்குப் பணம் தந்தவர்களின் பட்டியல், ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிய தல வரலாறு ஆகியன இருக்கும். பத்திரிகைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: நாளை அந்த ஊர்களின் வரலாற்றை எழுதப் புகும் ஒருவனுக்கு, பத்திரிகைச் செய்திகளை விட இந்த எளிய பக்கங்களே கூடுதலாகப் பேசும். யார் எந்த ஆண்டில் எந்த நாட்டில் இறந்தார், அவர் யாருடைய மகன், எந்தக் குறிச்சியைச் சேர்ந்தவர் என்பவை எல்லாம் அவற்றில்தான் பதிவாகியிருந்தன.

பதிவாகியிருந்தன என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அவற்றுள் பல இன்று இல்லை. ஜியோசிற்றீஸ் என்ற இலவசத் தளத்தில் வீடு கட்டியவர்கள், அதனை 1999 இல் விலைக்கு வாங்கிய யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபர் 26 ஆம் திகதி அதனை மூடியபோது வீட்டை இழந்தார்கள். யாகூ குழுமங்களில் உரையாடியவர்கள் 2019 இன் இறுதியிலும் 2020 இலும் தங்கள் பழைய மடல்களை இழந்தார்கள். இன்று முகநூலில் மாத்திரம் தங்கள் ஊரை வைத்திருப்பவர்களும் இதே வகையான வாடகை வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

நூலகம் எரிந்த சமூகம் நாம். 1981 மே 31 இரவும் அதனையடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை 97,000 க்கு மேற்பட்ட நூல்கள். அந்தச் சாம்பலின் நினைவு 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தின் பின்னால் இருந்தது. இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி, எவரும் இலவசமாகப் படிக்க அது வைத்திருக்கிறது. ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட ஆவணங்களை அது சேர்த்திருக்கிறது. அதற்கு முன்னரே 1998 இல் சுவிற்சர்லாந்தின் லொசானிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கியது. இவை இரண்டும் எந்த வணிக நிறுவனத்தின் தயவிலும் தங்கள் உள்ளடக்கத்தை அடகு வைக்கவில்லை. நூலகத் தளம் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கி வந்தது. இந்தத் தெரிவு தற்செயலானதன்று என்பதே என் எண்ணம்.

வழங்கியை ஊரிலேயே வைக்கலாமா?

ஊரின் தளத்தை ஊரிலேயே ஒரு கணினியில் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அழகான ஆசை. ஆனால் வழங்கி ஒரு கணமும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவை நாட்டின் பொது மின்வலையுடன் இணையாமல், டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். இந்த மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் ஆகியவற்றைக் கலந்த மின்திட்டம் ஒன்றை நிறுவும் ஒப்பந்தம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் 2021 டிசம்பரில் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச்சில், 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது.

அனலைதீவு வீட்டின் மின்குமிழ் எரிவதற்கு இரண்டு பேரரசுகள் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. ஆகவே வழங்கி வெளியூரில்தான் இருக்கும். சிங்கப்பூரிலோ ஜேர்மனியிலோ அமெரிக்காவிலோ, மாத வாடகைக்கு. இயந்திரம் நம்முடையதல்ல என்றால், அதனை ஆளும் முறையாவது நம்முடையதாக இருக்க வேண்டும். இங்கேதான் கட்டுப்பாட்டுப் பலகை என்ற சொல் வருகிறது.

பலகை பிறந்த கதை

வழங்கியை ஆள்வதென்பது ஆதியில் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிடும் வேலை. இணையப் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சிக்கு ஒரு கோப்பு, ஆள்களப் பெயரை எண் முகவரியாக மாற்றும் பைண்டுக்கு இன்னொரு கோப்பு, மின்னஞ்சலைச் சுமக்கும் சென்ட்மெயிலுக்குப் படித்தவர்களே தலையைச் சொறியும் மற்றொரு கோப்பு. ஒரு காற்புள்ளி பிசகினாலும் தளம் நின்றுவிடும்.

இந்த நிலையை மாற்றியது நெறிமுறையில் வந்த ஒரு சிறு மாற்றம். தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் முகவரி தேவைப்பட்டது. வாசகரின் உலாவி, தான் தேடி வந்த தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் முறை 1997 ஜனவரியில் வெளியான எச்ரிரிபி 1.1 நெறிமுறையில் கட்டாயமாயிற்று. அதன் பின் ஒரே முகவரியில், ஒரே இயந்திரத்தில், நூற்றுக்கணக்கான தளங்களைக் குடியமர்த்த முடிந்தது. பெரிய மாடிவீட்டைச் சிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. வாடகை விழுந்தது. ஊர்ச் சங்கமும் தளம் வைத்திருக்கக் கூடிய காலம் பிறந்தது. ஆனால் நூறு குடித்தனங்களையும் ஒருவரே கறுப்புத் திரையில் அமர்ந்து கவனிக்க இயலாது. குடியிருப்போர் தாமே தமது மின்னஞ்சல் முகவரியைத் திறக்கவும், கோப்புகளை ஏற்றவும், கடவுச்சொல்லை மாற்றவும் உலாவிக்குள் ஒரு பலகை வேண்டியிருந்தது.

ஆகவே இத்தகைய பலகைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியதில் வியப்பில்லை. அமெரிக்காவில் நிக் கோஸ்ரன் என்ற இளைஞர் 1996 இல் தொடங்கிய சிபனல், வாடகை நிறுவனங்களின் பொதுமொழியாகவே வளர்ந்தது. அது விலைக்குரியது, மூலநிரல் மூடப்பட்டது. ஆவுஸ்திரேலியரான ஜேமி கமரொன் 1997 இல் வெளியிட்ட வெப்மின், பேர்ள் மொழியில் எழுதப்பட்டு, பிஎஸ்டி என்ற தாராளமான உரிமத்தில் எவருக்கும் கையளிக்கப்பட்டது. பின்னர் அதன் மேல் எழுந்த வேர்ச்சுவல்மின், பல தளங்களை ஒரே வழங்கியில் குடியமர்த்தும் வசதியைத் தந்தது. அதன் பொதுப் பதிப்பு கட்டற்றது. கூடுதல் வசதியுள்ள பதிப்பு விலைக்குரியது. ஜேர்மனியிலிருந்து ஐஎஸ்பிகன்ஃபிக் வந்தது. ஒரே பலகையிலிருந்து பல வழங்கிகளை ஆளக் கூடியது அது.

இடையில் நிகழ்ந்த ஒரு கதையை வாசகர்கள் அறிவது நல்லது. கோபால்ட் என்ற நிறுவனம் 1990 களின் இறுதியில் றக் என்ற பெயரில் ஒரு வழங்கியையே, எளிய பலகையுடன் சேர்த்துப் பெட்டியாக விற்றது. தொழில்நுட்பம் தெரியாதவரும் உலாவியைத் திறந்து அதனை ஆளலாம். 2000 ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 2 பில்லியன் டொலர் பெறுமதியில் கோபால்ட்டை வாங்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பெட்டியின் உற்பத்தியை நிறுத்தியது. வாங்கியவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் சன் நிறுவனம் 2003 இன் இறுதியில் அந்தப் பலகையின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. ஜப்பானியப் பயனர்கள் அதனை எடுத்து புளூகுவார்ட்ஸ் என்று வளர்த்தார்கள். பிற்பாடு புளூஒனிக்ஸ் என்ற கிளை எழுந்தது. நிறுவனம் கைவிட்ட பொருள், உரிமம் திறந்திருந்த ஒரே காரணத்தால் பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஊர்ச் சங்கத்து இளைஞர்கள் என்னிடம், "ஐயா, காசில்லாமல் எது நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியின் அழுத்தம் காசில் விழுகிறது. இது இயல்பானதுதான், சங்கத்துக்கு வருவது சந்தாப் பணம். ஆயினும் ஜியோசிற்றீசும் இலவசமாகத்தான் இருந்தது. இலவசம் என்பது கொடுப்பவருடைய மனநிலை. கட்டற்றது என்பது பெறுபவருடைய உரிமை. றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983 இல் குனு திட்டத்தை அறிவித்த நாள்முதல் வலியுறுத்தி வருவது இந்த வேறுபாட்டைத்தான்: நிரலை இயக்கவும், படிக்கவும், மாற்றவும், மற்றவர்க்குக் கொடுக்கவும் உள்ள உரிமை.

இந்த உரிமையின் பெறுமதி 2019 இல் பலருக்குப் புரிந்தது. பிளெஸ்க் என்ற மற்றொரு பலகையைத் தன்வசம் வைத்திருந்த ஓக்லி கப்பிற்றல் முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழு, 2018 இல் சிபனலையும் வாங்கியது. சந்தையின் இரு பெரும் பலகைகளும் ஒரே முதலாளியின் நிழலில் வந்தன. 2019 யூன் 27 ஆம் திகதி புதிய விலைமுறை அறிவிக்கப்பட்டது. அதுவரை ஒரு வழங்கிக்கு ஒரு கட்டணம். அதில் எத்தனை கணக்குகள் இருந்தாலும் வேறுபாடில்லை. இனிமேல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். நூற்றுக்கணக்கான சிறு தளங்களை மலிவாகக் குடியமர்த்தியிருந்தவர்களின் செலவு பன்மடங்காயிற்று. சிறிய வாடகை நிறுவனங்கள் கட்டற்ற பலகைகளை அவசரமாகத் தேடத் தொடங்கியது அப்போதுதான்.

தரவுத்தளத்திலும் இதே கதை நடந்தது. மைஎஸ்கியூஎல் 2008 இல் சன் நிறுவனத்தின் கைக்குப் போய், சன் நிறுவனத்தோடு சேர்ந்து 2010 இல் ஒராக்கிளின் கைக்குப் போனது. அதன் மூலகர்த்தாக்களில் ஒருவரான மொன்ரி விடேனியஸ் 2009 இலேயே நிரலைக் கிளைத்து, தம் இளைய மகளின் பெயரால் மரியாடிபி எனத் தொடர்ந்தார். திறந்த உரிமம் இல்லையேல் இந்தக் கிளை இல்லை. இன்று பல கட்டற்ற பலகைகள் மரியாடிபியையே நிறுவுகின்றன.

திறந்த வீட்டுக்குள் நுழைந்த திருடர்கள்

கட்டற்ற மென்பொருள் என்றால் பாதுகாப்பானது என்று எழுதி முடித்துவிடலாம். அது உண்மையாகாது. மூன்று நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது வெப்மின். 2018 ஏப்பிரலில், வெளியீடுகள் கட்டப்படும் கணினிக்குள் எவரோ நுழைந்து, கடவுச்சொல் மாற்றும் பகுதியில் ஒரு கள்ள வாசலை வைத்தார்கள். 1.890 என்ற பதிப்பை அப்படியே நிறுவியவர்களின் வழங்கியில், கடவுச்சொல் தெரியாதவர்களும் தூரத்திலிருந்து கட்டளை இட முடிந்தது. அடுத்து வந்த சில பதிப்புகளிலும், குறிப்பிட்ட ஒரு தெரிவை இயக்கியிருந்தவர்களுக்கு இந்த ஆபத்து இருந்தது. 2019 ஓகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் நடந்த ஊடுருவல் ஆய்வாளர் மாநாட்டில் துருக்கிய ஆய்வாளர் ஒருவர் இதனைப் பகிரங்கப்படுத்தும் வரை, ஓராண்டுக்கு மேலாக எவரும் கவனிக்கவில்லை. பொதுக் களஞ்சியத்தில் எல்லோர் கண்முன்னும் இருந்த மூலநிரல் சுத்தமாகவே இருந்தது. மக்கள் பதிவிறக்கிய பொதியில்தான் நஞ்சு இருந்தது. திறந்த கதவின் வழியே எவரும் பார்க்கலாம் என்பது உண்மை. எவராவது பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சில நாள்களில், ஓகஸ்ட் 17 ஆம் திகதி, திருத்திய பதிப்பு வெளியாயிற்று. நடந்ததை நாள் வாரியாக விவரித்து வெப்மின் குழு அறிக்கை வெளியிட்டது. இனிமேல் பொதுக் களஞ்சியத்தில் உள்ள நிரலிலிருந்தே பொதிகள் கட்டப்படும் என்று தன் நடைமுறையையும் மாற்றியது.

இரண்டாவது வெஸ்டா. இலகுவானது, அழகானது என்று பெயரெடுத்த கட்டற்ற பலகை அது. 2018 ஏப்பிரலில் அதன் ஓட்டை ஒன்றின் வழியே பல வழங்கிகள் கைப்பற்றப்பட்டு, பிற தளங்களைத் தாக்கும் ஆயுதங்களாக்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில், அதன் நிறுவல் நிரலையே எவரோ மாற்றி, நிர்வாகியின் கடவுச்சொல் வெளியே கசியும்படி செய்திருந்தது அம்பலமாயிற்று. மேம்பாடும் தளர்ந்தது. அதன் பயனர்கள் சிலர் நிரலை எடுத்துக் கிளைத்து ஹெஸ்டியா என்ற பலகையை உருவாக்கினார்கள். இன்று புதிதாக நிறுவுபவர்கள் பலரும் நாடுவது ஹெஸ்டியாவைத்தான்.

மூன்றாவது சைபர்பனல். 2024 ஒக்டோபரில் அதில் கண்டறியப்பட்ட பாரதூரமான ஓட்டைகளின் வழியே, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் தாக்குதல் நடந்தது. இணையத்தில் வெளிப்பட்டிருந்த ஏறத்தாழ 22,000 வழங்கிகள் இலக்காயின.

மூன்றும் கட்டற்றவை. மூன்றுக்கும் கெட்ட நாள் வந்தது. விலைக்குரிய மென்பொருளுக்கும் கெட்ட நாள் வருகிறது. வேறுபாடு கெட்ட நாளுக்கு அடுத்த நாளில் இருக்கிறது. எவர் மறைத்தார், எவர் சொன்னார், எவர் திருத்தினார், எவராலும் திருத்த முடியாதபோது பயனர்கள் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்ததா? ஒரு பலகையைத் தெரிவு செய்ய முன்னர் அதன் வசதிப் பட்டியலைப் படிப்பதை விட, அதன் கெட்ட நாளின் வரலாற்றைப் படிப்பது பயன் தரும்.

எதைத் தெரிவது?

வரலாறு சொன்னதைக் கொண்டு, ஒரு தீவகச் சங்கத்தின் தேவையை வைத்துச் சில அளவுகோல்களைச் சொல்லலாம்.

முதல் அளவுகோல் உரிமம். வெப்மினும் ஐஎஸ்பிகன்ஃபிக்கும் பிஎஸ்டி உரிமத்தில் உள்ளன. வேர்ச்சுவல்மினின் பொதுப் பதிப்பும் ஹெஸ்டியாவும் குனு பொது உரிமத்தில் உள்ளன. இலவசமாகத் தரப்படும் வேறு சில பலகைகளின் நிரல் முழுமையாகத் திறந்ததல்ல. விளம்பரத்தைப் பாராமல் உரிமத்தை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், பலகையை அகற்றினால் தளம் நிற்குமா என்பது. பலரும் கேட்க மறப்பது இதனையே. வெப்மின், வழங்கியில் ஏற்கெனவே உள்ள அமைப்புக் கோப்புகளை நேரடியாக வாசித்து அவற்றிலேயே எழுதுகிறது. நாளை வெப்மினை நீக்கினாலும் அப்பாச்சி தன் பாட்டில் ஓடும். ஐஎஸ்பிகன்ஃபிக் தன் விவரங்களைத் தரவுத்தளத்தில் வைத்து, அதிலிருந்து அமைப்புக் கோப்புகளை எழுதுகிறது. ஹெஸ்டியாவும் தன் வார்ப்புருக்களைக் கொண்டே கோப்புகளை ஆக்குகிறது. இவற்றில் கையால் செய்த திருத்தத்தைப் பலகை பின்னர் அழித்தெழுதக் கூடும். இது குறையன்று, நூறு தளங்களைக் கவனிப்பவருக்கு இதுவே ஒழுங்கு. ஆனால் ஒரே ஒரு ஊர்த் தளத்தை வைத்திருப்பவர், தாம் எந்த வகையான வீட்டில் குடியேறுகிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அடித்தளத்தின் ஆயுள். பலகை நிற்பது இயக்குதளத்தின் மேல். சென்ற்ஓஎஸ் 8 என்ற இயக்குதளம் 2029 வரை பேணப்படும் என நம்பிப் பலர் அதில் குடியேறினார்கள். அது 2021 இன் முடிவோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் வெற்றிடத்தை நிரப்ப அல்மாலினக்சும் றொக்கிலினக்சும் 2021 இல் எழுந்தன. ஒரு நிறுவனத்தின் முடிவில் தங்கியிராமல் தன்னார்வலர் சமூகமாக இயங்கும் டெபியன், ஊர்ச் சங்கத்தின் பொறுமைக்கும் பொருளாதாரத்துக்கும் பொருந்துவது. ஹெஸ்டியாவும் டெபியனையும் உபுண்டுவையும் மையமாகக் கொண்டே இயங்குகிறது.

நான்காவது, வழங்கியின் வலிமை. சிறிய வாடகை வழங்கி ஒன்றில் நினைவகம் கொஞ்சம்தான் இருக்கும். நச்சுநிரல் சல்லடை, எரித வடி என்று எல்லாவற்றையும் சேர்த்து நிறுவினால் பலகையே தளத்தின் மூச்சை அடைத்துவிடும். மின்னஞ்சலை வேறிடத்தில் வைத்துவிட்டுத் தளத்தை மாத்திரம் வழங்கியில் வைப்பது சிறு சங்கங்களுக்கு ஏற்றது. உண்மையைச் சொன்னால், நாளாந்தம் மாறாத சில பக்கங்களே உள்ள தளத்துக்குப் பலகையே தேவையில்லை. வெறும் கோப்புகளாக வைத்துவிடலாம்.

ஐந்தாவது, பலகையின் வாசலை உலகுக்குத் திறந்து வைக்கக் கூடாது. வெப்மினின் வாசல் எண் 10000 என்பது ஊரறிந்தது; அதனைத் தட்டிப் பார்க்கும் தானியங்கித் திருடர்கள் இரவு பகலாக அலைகிறார்கள். தெரிந்த முகவரிகளிலிருந்து மாத்திரம் உள்ளே வர விடுவதும், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குவதும், இற்றைப்படுத்தலை ஒத்திப் போடாமையும் எந்தப் பலகைக்கும் பொதுவான கடமைகள்.

இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், ஒன்றிரண்டு தளங்களும் லினக்ஸ் ஓரளவு தெரிந்த ஒருவரும் உள்ள சங்கத்துக்கு வெப்மினும் வேர்ச்சுவல்மினும் போதும். கணினியில் ஆர்வமுள்ள, ஆனால் கறுப்புத் திரைக்குப் பழகாத இளைஞர்கள் பொறுப்பேற்கும் இடத்தில் ஹெஸ்டியா இலகுவானது. தீவக ஊர்கள் பல ஒன்றுகூடி, செலவைப் பகிர்ந்து, இரண்டு மூன்று வழங்கிகளில் எல்லா ஊர்த் தளங்களையும் வைக்க முன்வந்தால் ஐஎஸ்பிகன்ஃபிக் அதற்கென்றே ஆனது. அத்தகைய கூட்டு முயற்சி ஒன்று எழ வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் தனித்தனியே வாடகை கொடுப்பதில் என்ன பெருமை?

உரிமத்தால் தீராத ஒன்று

கட்டற்ற மென்பொருள், வெளியேறும் உரிமையைத் தருகிறது. வெளியேறிச் சுமந்து செல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அது தருவதில்லை. கோபால்ட்டின் பலகையை ஜப்பானியப் பயனர்கள் சுமந்தார்கள். வெஸ்டாவை ஹெஸ்டியாக்காரர் சுமந்தார்கள். நம் ஊர்த் தளங்கள் மறைந்ததற்குப் பலவேளைகளில் நிறுவனங்கள் காரணமல்ல. தளத்தை ஆர்வத்தோடு தொடங்கிய இளைஞர் திருமணமாகி, பிள்ளைகள் பிறந்து, வேலை மாறி ஓய்ந்துவிடுகிறார். ஆள்களப் பெயர் அவருடைய பெயரில், அவருடைய கடனட்டையில் இருக்கிறது. அட்டை காலாவதியாகிறது, நினைவூட்டல் மடல் அவர் பாவிக்காத பழைய முகவரிக்குப் போகிறது. ஒரு நாள் ஊரின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. சங்கக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் குறைகூறுவதோடு அது முடிந்துவிடுகிறது.

நம் கோயில்களில் பண்டகசாலைத் திறப்பு ஒருவரிடம் மாத்திரம் இருப்பதில்லை. கணக்கேடு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கைமாறும். அந்தப் பழைய ஒழுங்கை வழங்கிக்கும் விரிக்க வேண்டும். ஆள்களப் பெயர் தனியாளின் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரில் பதியப்படட்டும். பலகையின் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைவரிடமும் செயலாளரிடமும் இருக்கட்டும். தளத்தின் முழுப் பிரதி மாதந்தோறும் வேறு ஒரு நாட்டில் இருக்கும் வேறு ஒரு வழங்கிக்கும், ஊரில் ஒரு வன்தட்டுக்கும் போகட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீள எழுப்பிப் பார்க்கட்டும். எழும்பாத பிரதி பிரதியே அல்ல. ஊரின் நூல்களும் மலர்களும் நூலகம் போன்ற எண்ணிம நூலகத்துக்கும் ஒப்படைக்கப்படட்டும்.

எந்தப் பலகை என்ற கேள்விக்கு இன்று நான் தந்த விடை ஐந்து ஆண்டுகளில் பழசாகலாம். ஹெஸ்டியாவுக்கும் கெட்ட நாள் வரலாம். அதிலிருந்தும் ஒருவர் கிளை எடுக்கலாம். அப்போது நம் பொருளை எடுத்துக்கொண்டு மறு வீட்டுக்குப் போகக் கூடிய நிலையில் இருக்கிறோமா என்பதே நிலையான கேள்வி. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், பொருளாளர் அறிக்கைக்கு அடுத்ததாக, இணையத்தளத்தின் திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஊர்ச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.